கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

"எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி ஒரு குதிரை வேணும், தம்பி. எந்த இனம் வாங்கட்டும்?"

மீராசா ராவுத்தர் தலை நிமிரவில்லை. ஒரு குதிரையின் குளம்பைத் தன் தொடைமேல் வைத்து, உள்ளே அடைந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா வேலையும்னா என்னென்ன, அக்கா?"

கேட்டு வந்தவள் அமலோற்பவம். மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ராவுத்தர் குதிரை பழக்குகிறவர். அவளைவிட நாலு வயது சின்னவர். மீசை இன்னும் சரியாக அடரவில்லை என்று சந்தையில் கேலி பேசுவார்கள். குதிரை மிரண்டு வண்டியைக் கவிழ்த்தால் அந்த மீசையைத் தேடிக்கொண்டுதான் ஓடி வருவார்கள்.

அவள் விரல்விட்டுச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சந்தைப்பேட்டை வரை மூன்று மைல் சமதரை. அங்கே ஓட வேண்டும். சந்தைக்குள் ஓடக் கூடாது. கூடைக்காரிகளுக்கு நடுவே ஒரு கத்திரிக்காய்கூட மிதிபடாமல் நடக்க வேண்டும். அப்புறம் கல்லாறு. பாலம் கிடையாது. தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும். அங்கிருந்து மேல்கொம்பை வரை ஏற்றம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு குடிசை வாசலில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நாழிகையோ, ஒரு முழுப் பகலோ.

"ஓடணும், நடக்கணும், நீந்தணும், ஏறணும், சும்மா நிக்கணும்," என்றார் ராவுத்தர். "கடைசியில சொன்னது மனுஷனுக்கே வராது."

அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை நாள் இருக்கு?"

"பூவாயிக்கு இது எட்டாம் மாசம்."

ராவுத்தர் குளம்பைக் கீழே விட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். மலைச்சரிவு முழுவதற்கும் தெரியும்.

போன வருடமும் பூவாயிக்குத்தான் வலி கண்டது. ஆள் வந்து சொன்னபோது காலை. ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு கிழட்டுக் குதிரை இருந்தது. அது கல்லாற்றங்கரையில் நின்றுவிட்டது. அமலோற்பவம் தட்டிப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், கடைசியில் கும்பிட்டும் பார்த்தாள். மூங்கில் வெட்டப் போனவர்கள் திரும்பி வந்து அவளைத் தோளில் தூக்கி அக்கரை சேர்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அவள் போகும்போது பிள்ளை பிறந்திருந்தது.

அழவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பூவாயிகூடக் கேட்கவில்லை.

இந்த வருடம் ஆஸ்பத்திரி மதர் அவளைக் கூப்பிட்டுப் புதுக் குதிரை வாங்கச் சொன்னார். எந்தக் குதிரை என்று அமலோற்பவம் கேட்டாள். ஏறப்போகிறவள் நீ, நீயே பார்த்து எடு என்று சொல்லிவிட்டு மதர் ஜெபத்துக்குப் போய்விட்டார். அவள் பயந்தது அதற்குத்தான். வேறு யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால், நாளைக்கு ஏதாவது ஆனால், சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருக்கும்.

"பார்க்கலாமே," என்று ராவுத்தர் லாயத்துக்குள் நடந்தார்.

உள்ளே நாலு குதிரைகள் நின்றன.

அமலோற்பவம் முதலில் காலைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. சுழி பார்த்தாள். குதிரையின் மேல் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறதோ, அதைவைத்துத்தான் அந்தப் பக்கத்தில் குதிரை வாங்குவார்கள். நெற்றியில் இருந்தால் நல்லது. மார்பில் இருந்தால் மிக நல்லது. முட்டியில் இருந்தால் தடுக்கும். தரகர் ஒருவர் சொல்லச் சொல்ல அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். சுழியாவது சகுனமாவது என்று சிஸ்டர்கள் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் தனக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் எதையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு வயது பிலோமியின் கழுத்தில் மாதா சுரூபமும் தொங்கியது, கறுப்புக் கயிறும் தொங்கியது. பிள்ளையின் தகப்பன் கப்பல் வேலைக்குப் போனவர். வருடத்துக்கு ஒரு கடிதம். பிலோமிக்கு இங்கே அவளைவிட்டால் ஆள் இல்லை.

முதலில் நின்றது ஒரு செம்மண் நிறப் பெட்டை. உயரம் என்றும் சொல்ல முடியாது, குட்டை என்றும் சொல்ல முடியாது. முதுகு மட்டும் அகலம். அமலோற்பவம் கிட்டே போனாள். அதுவும் மூக்கை நீட்டியது.

இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்குகிற இடத்தில், ஒரு சுழி.

அவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

"அழுகைச் சுழி."

"ஆமா."

"இது நிக்கிற வாசல்ல அழுகை கேக்கும்னு சொல்வாங்க."

"அப்படித்தான் சொல்றாங்க," என்றார் ராவுத்தர். அடுத்த குதிரைக்கு நகர்ந்தார்.

அடுத்தது வெள்ளை அரபி. மெல்லிய தோல், நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. நெற்றியில் சுழி, மார்பில் சுழி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இதையே எடுத்துக்கறேன்."

"எடுக்கிறதுக்கு முன்னாடி ஏறிப் பாருங்க. கல்லாறு தாண்டிட்டு வாங்க." ராவுத்தர் சேணத்தைக் கையில் எடுத்தவர், கட்டாமல் நின்றார். "எத்தனை பேர் ஏறுவீங்க?"

"நான் ஒருத்திதான்."

"சரி," என்று கட்டினார்.

அரபி ஓடிய ஓட்டத்தில் மூன்று மைல் எங்கே போனது என்று தெரியவில்லை. சந்தைக்குள் நுழையும்போது அவளாகவே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கல்லாற்றங்கரைக்கு வந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுதான். அடியில் கூழாங்கல் தெரிந்தது.

அரபி நின்றது.

வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ராவுத்தர் குதிரையின் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எங்க நின்னுது?"

"ஆத்துல."

"எத்தனை பேர் போனீங்க?"

"அதான் சொன்னேனே தம்பி, நான் ஒருத்தி."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள்தான் பேசினாள். பாலைவனத்துக் குதிரை, அதற்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும், இனம் தெரியாமல் எடுத்துவிட்டோம் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை அவர் அவளைக் கல்லாற்றங்கரைக்கு வரச் சொன்னார். அதே அரபியில் வந்தார். கையில் ஒரு கொய்யாப்பழம். அதைக் கடித்துக்கொண்டே ஆற்றில் இறங்கி, அக்கரை ஏறி, திரும்பி இறங்கி, இக்கரை வந்தார். பழத்தில் பாதி மிச்சம் இருந்தது. குதிரைக்குக் கொடுத்தார்.

"தண்ணி தெரியும்போல இருக்கு," என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இரண்டாவதாக மட்டக் குதிரையை எடுத்தாள். மலையில் பிறந்தது. கல்லாற்றுத் தண்ணீர் குடித்தே வளர்ந்தது. சுழியும் சுத்தம். ஏறி உட்கார்ந்தால் அவள் கால் தரைக்கு ஒரு சாண்தான் இருந்தது. சமதரையில் அது ஓடவே இல்லை. ஏதோ யோசனையில் இருப்பதுபோல் நடந்தது. சந்தையில் கூடைக்காரிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"அம்மாடி, யாரு யாரைச் சுமக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

கல்லாற்றுக்கு வந்ததும் மட்டக் குதிரை தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது. நிதானமாக, வயிறு நிறையக் குடித்தது. பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

"எங்க நின்னுது?"

"உங்களுக்குத் தெரியும்."

"எத்தனை பேர் போனீங்க?"

"நானும் மருந்துப் பெட்டியும்," என்று வெடுக்கென்று சொன்னாள்.

ராவுத்தர் கையை நீட்டினார். பெட்டியை வாங்கினார். ஒரு விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது கனமில்ல, அக்கா."

மூன்றாவது மார்வாரி. கறுப்பு. இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. ராஜாக்கள் ஏறிப் போன இனம் என்று தரகர் சொல்லியிருந்தார். அதற்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், நடையிலேயே தெரிந்தது. மலையிலும் நிற்கும், வெயிலிலும் நிற்கும், வெடிச் சத்தம் கேட்டாலும் அசையாது. சுழிகள் அத்தனையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அமலோற்பவம் அன்று மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

சமதரை சரி. சந்தை சரி, கொஞ்சம் ஆடிக்கொண்டே போனது. கல்லாறு வந்தது. மார்வாரி கழுத்தை நிமிர்த்தி ஆற்றைப் பார்த்தது, ஆறுதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதுபோல.

நின்றது.

அவள் தட்டவில்லை. அடிக்கவில்லை. மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். குதிரை பக்கத்தில் நின்றது. எதிரே மேல்கொம்பையில் ஒரு குடிசையிலிருந்து புகை எழுவது தெரிந்தது. யார் வீடு என்று தெரியவில்லை. பூவாயி வீடாகவும் இருக்கலாம்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே லாயத்துக்கு வந்தாள்.

மதரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். வேறு மருத்துவச்சியைப் பார்த்துக்கொள்ளட்டும். கீழே இருக்கிற ஊர்களுக்கு நடந்தே போய்விடலாம். மேலே போவதற்கு என்னால் ஆகாது.

ராவுத்தர் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தார். கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"மூணு இனம், தம்பி," என்றாள். "மூணுக்கும் மூணு குணம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நின்ன இடம் ஒண்ணு."

அவர் கையை வெளியே எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர் போனீங்க, அக்கா?"

லாயத்துக் கூரையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து, எழுந்து போனது.

"மூணு பேர்."

அவர் காத்திருந்தார்.

"நான் ஒருத்தி. வீட்டுல விட்டுட்டு வந்த பிலோமி. நான் விழுந்துட்டா அவ என்ன ஆவான்னு, தண்ணியைப் பார்த்ததும் வந்து உக்காந்துக்கறா."

"இன்னொருத்தர்?"

"அழாத பிள்ளை."

"பேர் வெச்சாங்களா?"

"இல்லை."

ராவுத்தர் தலையசைத்தார்.

"போன வருஷம் அன்னிக்கு பிலோமிக்குக் காய்ச்சல்," என்றாள் அவள். "அப்ப ரெண்டு பேர் போனோம். இப்ப மூணு."

"மூணு பேர்னா முதுகு அகலமா இருக்கணும்," என்றார் அவர்.

எழுந்து போய், செம்மண் நிறப் பெட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"இதுக்குத் தாய் மட்டம், தகப்பன் மார்வாரி. ஓட்டத்துல அரபிக்குப் பின்னாடிதான் வரும். ஏத்தத்துல மட்டத்துக்குப் பின்னாடிதான் வரும். கூட்டத்துல மார்வாரி மாதிரி கம்பீரம் கிடையாது. எதுலயும் இது முதல் இல்லை." அதன் கழுத்தைத் தட்டினார். "எதுலயும் கடைசியும் இல்லை."

அமலோற்பவம் அதன் முதுகைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். இந்தத் தடவை பல்லைக்கூடப் பார்த்தாள். கடைசியில் கண் அங்கேதான் போய் நின்றது, இடது கண்ணுக்குக் கீழே.

"எனக்குப் பிள்ளை இருக்கு, தம்பி."

"தெரியும்."

"இதை என் வாசல்ல கட்ட மாட்டேன்."

"கட்ட வேணாம்," என்றார். கொண்டுபோய் மறுபடி அதன் இடத்தில் கட்டினார். கொள்ளுத் தொட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பத்து நாள் போனது. அவள் மதரிடம் போகவில்லை. லாயத்துக்கும் போகவில்லை. தினமும் மாலையில் கல்லாற்றங்கரை வரை நடந்து போய், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள்.

பதினொன்றாம் நாள் மலையில் மழை.

பன்னிரண்டாம் நாள் காலை பூவாயியின் புருஷன் சடையன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். நீந்தி வந்திருந்தான்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று அமலோற்பவம் கேட்டாள்.

"பிள்ளைக்குத் தெரியலயே," என்றான் சடையன்.

அவனுக்குக் குடிக்கக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டாள். பிலோமியை விட்டுவிட்டுப் போகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே லாயத்துக்கு ஓடினாள்.

அரபியை யாரோ வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோயிருந்தார்கள். மட்டக் குதிரை உப்பு மூட்டையோடு வேறு ஊருக்குப் போயிருந்தது. மார்வாரி ஒரு மாப்பிள்ளையைச் சுமக்கப் போயிருந்தது.

செம்மண் பெட்டை வாசலில் நின்றது. அதன்மேல் சேணம் ஏற்கெனவே கட்டியிருந்தது.

அமலோற்பவம் ராவுத்தரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ராத்திரி மேல மழை பேஞ்சுதே," என்றார். "அதான்."

அவள் பிலோமியை அவரிடம் நீட்டினாள். பிலோமி அவரைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

குதிரை நின்ற வாசலில் அழுகை.

அமலோற்பவத்தின் கை சேணத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"பிள்ளைன்னா அழும், அக்கா," என்றார் ராவுத்தர். "ஏறுங்க."

ஏறினாள்.

பெட்டை ஓடியது. அரபியின் ஓட்டம் இல்லை. ஆனால் மூன்று மைலும் ஒரே ஓட்டம். பின்னால் பிலோமியின் அழுகை கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சந்தையில் கூடைகளுக்கு நடுவே பெட்டை தானாக நடைக்கு வந்தது. அதன் கண்ணைப் பார்த்த ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மண்ணில் துப்பினாள். இன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை.

கல்லாறு.

கூழாங்கல் தெரியவில்லை. தண்ணீர் காபி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்து, ஒரு சுற்று சுற்றி, கீழே போனது.

பெட்டை நின்றது.

இரண்டு காதையும் பின்பக்கம் திருப்பிக்கொண்டது. பின்னால் இருப்பவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதுபோல.

அமலோற்பவம் மாதாவுக்குச் சொல்கிற 'அருள் நிறைந்த' மந்திரத்தைத் தொடங்கினாள், பாதியில் மறந்துபோனது. சிறு வயதிலிருந்து சொல்லிவந்த மந்திரம்.

திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அகலமான முதுகு. ஈரமான செம்மண் நிற முடி. அங்கே யாரும் இல்லை.

"ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பிறகு சேணத்தில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் இடம் விட்டு.

பெட்டை தண்ணீரில் கால் வைத்தது.

முழங்கால். வயிறு. ஒரு கட்டத்தில் கீழே தரை இல்லை. குதிரையின் மூச்சு பக்கத்தில் பெரிதாகக் கேட்டது. அவள் ஒரு கையால் பெட்டியைத் தலைமேல் பிடித்திருந்தாள். இன்னொரு கை பிடரி மயிரில். பிறகு மறுபடி கல் தட்டுப்பட்டது.

ஏற்றத்தில் அவள் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே போனாள்.

மேல்கொம்பையில் பூவாயியின் குடிசைக்கு வெளியே நாலைந்து பெண்கள் நின்றார்கள். குதிரையைக் கண்டதும் வழி விட்டார்கள். அதன் கண்ணைக் கண்டதும் ஒருத்தி, இதை வாசலில் நிறுத்தாதே, அந்தப் பலாமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டு என்றாள். உள்ளேயிருந்து பூவாயியின் முனகல் கேட்டது.

அமலோற்பவத்துக்குக் கட்ட நேரமில்லை. கயிற்றை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே குனிந்து போனாள்.

பெட்டை அங்கேயே நின்றது. பெண்கள் விரட்டிப் பார்த்தார்கள். நகரவில்லை. வெயில் அதன் முதுகைக் காயவைத்தது. நிழல் காலுக்கடியில் வந்தது, பிறகு இந்தப் பக்கம் சாய்ந்தது.

மறுநாள் வெயில் ஏறி அவள் திரும்பி வந்தாள்.

ராவுத்தர் லாயத்து வாசலில் இருந்தார். அவர் தோளில் பிலோமி. ஒரு கையில் வெல்லக்கட்டி, இன்னொரு கை அவர் மீசையில். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். இறங்க மாட்டேன் என்றாள்.

ராவுத்தர் முதலில் குதிரையைப் பார்த்தார். குனிந்து நாலு காலையும் தொட்டுப் பார்த்தார். ஒரு குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார். உடையெல்லாம் சேறு, கண்ணெல்லாம் தூக்கம்.

"ஆத்துல நின்னுதா?"

"நின்னுது. அப்புறம் போச்சு."

"எத்தனை பேர் போனீங்க?"

"மூணு பேர்தான்."

"திரும்பி வரும்போது?"

அவள் யோசித்தாள். "எண்ணலை," என்றாள்.

ராவுத்தர் பெட்டையின் கன்னத்தில் கை வைத்தார். கண்ணுக்குக் கீழே, சுழியின்மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

"சுழி பலிச்சுதா, அக்கா?"

"பலிச்சுது."

"நின்ன வாசல்ல அழுகை கேட்டுதா?"

"கேட்டுது, தம்பி. பொறந்ததுமே கொம்பை முழுக்கக் கேட்டுது."

பிலோமி வெல்லத்தைக் குதிரைக்கு நீட்டினாள். குதிரை வாங்கிக்கொண்டது. பிலோமி வெறும் கையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

அமலோற்பவம் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க கட்டப் போறீங்க?" என்று கேட்டார் ராவுத்தர்.

"என் வாசல்ல."